வில்லங்கம் போட்டாச்சா? ‘என்கம்பரன்ஸ்’ என்ற சொல்லும் செட்டிநாட்டு வீடுகளும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடு ஒன்றுக்கு விலை பேச உட்கார்ந்தால், முதலில் வரும் கேள்வி “வில்லங்கம் போட்டாச்சா?” என்பதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு, அதாவது ‘என்கம்பரன்ஸ் சர்டிபிகேட்’ என்ற ஈசிக்கு, மனுப் போட்டுப் பார்த்தீர்களா என்று பொருள். “ஈசி போட்டோம், நில் வந்திருச்சு” என்று, அதாவது பதிவு எதுவும் இல்லை என்று, பதில் வந்துவிட்டால் பேச்சு நேரே விலைக்குப் போய்விடும்.

அந்த இடத்தில்தான் தவறு தொடங்குகிறது. ஈசி என்ற இரண்டெழுத்துக்குள் இருக்கும் ‘என்கம்பரன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஓர் அளவு இருக்கிறது. வில்லங்கம் என்று நாம் சொல்லும் தமிழ்ச் சொல்லுக்கு வேறோர் அளவு. அலுவலகம் தரும் தாளின் அளவு இரண்டையும்விடச் சிறியது. மூன்றும் ஒன்றென்று நினைத்து முன்பணம் கொடுத்தவர்கள் பிறகு நீதிமன்ற வாசலில் நிற்கிறார்கள்.

ஆங்கிலச் சொல்லை முதலில் பார்க்கலாம். பழைய பிரெஞ்சில் ‘கோம்ப்ர்’ என்றால் ஆற்றின் குறுக்கே போடும் தடுப்பு. அதிலிருந்து தடுப்பது, அடைப்பது என்ற பொருளில் வினைச்சொல் உண்டாகி, ஆங்கிலத்துக்கு வந்து ‘என்கம்பர்’ ஆயிற்று. ஆள் நடக்க முடியாதபடி மூட்டை முடிச்சு கனத்தாலும் அதே சொல்தான். தூக்கிச் சுமக்கச் சங்கடமான பொருளைச் சொல்லும் ‘கம்பர்சம்’ இதன் உறவு. பதவியில் இருப்பவரைக் குறிக்கும் ‘இன்கம்பன்ட்’ கேட்க நெருக்கமாக இருந்தாலும் வேறு வேரிலிருந்து வந்தது. பழைய பத்திரங்களில் ‘என்கம்பரன்ஸ்’ சில இடங்களில் ‘இ’கரத்தில் தொடங்கி ‘இன்கம்பரன்ஸ்’ என்று எழுதப்பட்டிருக்கும். அது எழுத்து வேறுபாடு மட்டுமே, பொருள் மாறாது. உச்சரிக்கும்போது அழுத்தம் ‘கம்’ என்ற அசையில் விழ வேண்டும்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் நிலத்தோடு நிற்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீட்டு வேலைக்குத் தம்பதி தேவை என்று வந்த விளம்பரங்களில் ‘என்கம்பரன்ஸ் இல்லாதவர்கள்’ என்று போட்டால், பிள்ளைகுட்டி இல்லாதவர்கள் என்று பொருள். இன்று அமெரிக்காவில் செவிலியர் வேலைக்கு ‘அன்என்கம்பர்ட்’ உரிமம் கேட்கிறார்கள். ஒழுங்கு நடவடிக்கையோ நிபந்தனையோ ஏறாத உரிமம் என்பது அதன் பொருள். பங்குச் சந்தையில் நிறுவனத்தை நடத்துபவர் தம் பங்குகளை அடகு வைத்திருந்தால் அவை ‘என்கம்பர்ட்’ பங்குகள். இவை எல்லாவற்றிலும் ஒரே கருத்துதான் ஓடுகிறது. பொருள் உன்னுடையது, ஆனால் அதன்மேல் இன்னொருவர் பிடி இருக்கிறது.

சொத்துச் சட்டத்தில் இதைக் கறாராக வைத்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் உரிமையாளராகவே இருப்பார், விற்கவும் செய்யலாம். ஆனால் அந்தச் சொத்தின்மேல் வேறொருவருக்கு உள்ள உரிமை, வாங்குபவரிடமும் சொத்தோடு சேர்ந்தே போகும். அடமானம், ஒத்தி, ஆயுள்கால அனுபவ உரிமை, ஜீவனாம்சப் பொறுப்பு, நடைபாதை உரிமை, நீதிமன்ற ஜப்தி எல்லாம் இந்த வகை. இதில் சண்டை இருக்க வேண்டும் என்பதே இல்லை. வங்கியில் வீட்டுக் கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டி வருபவர் வீட்டின்மேலும் என்கம்பரன்ஸ் இருக்கிறது. அதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது.

தமிழில் வில்லங்கம் என்றதும் வாடை மாறிவிடுகிறது. ‘வில்லங்கமான ஆளு’, ‘வில்லங்கம் பண்ணாதப்பா’, ‘இந்தச் சம்பந்தத்துல ஏதும் வில்லங்கம் இருக்கா?’ என்பவை நம் பேச்சு. தகராறு, ஒளிவுமறைவு, பின்னால் வெடிக்கப்போகும் பிரச்சினை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஆகவே ‘வீட்டில் வில்லங்கம் இல்லை’ என்று கேட்ட மாத்திரத்தில், கடனும் இல்லை, விற்பவர்தான் முழு உரிமையாளர், பங்காளித் தகராறும் இல்லை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. சட்டமோ இந்த இரண்டாவதைத் தனியாகப் பிரித்துவிடுகிறது. விற்பவருக்கு உரிமையே முழுதாக இல்லையென்றால் அது என்கம்பரன்ஸ் அல்ல, உரிமைக் குறைபாடு. செட்டிநாட்டு வீடுகளில் வரும் வழக்குகளுக்குப் பெரும்பாலும் இதுதான் வேர்.

இனி அந்தத் தாள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, பதிவாகும் ஆவணங்களை எந்தெந்தப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்று சொல்கிறது. அசையாச் சொத்து சம்பந்தப்பட்ட, உயில் அல்லாத ஆவணங்கள் 1-ஆம் புத்தகம். உயில்கள் 3-ஆம் புத்தகம். மற்றவை 4-ஆம் புத்தகம். பழைய பொது அதிகாரப் பத்திரங்கள் பலவும் இந்த 4-இல்தான் கிடக்கின்றன. 57-ஆம் பிரிவின்படி 1-ஆம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். 3-உம் 4-உம் அப்படித் திறந்து கிடப்பதில்லை. வில்லங்கச் சான்று என்பது 1-ஆம் புத்தகத்தின் அட்டவணையில், நாம் கொடுத்த சர்வே எண்ணுக்கு, நாம் கேட்ட ஆண்டுகளுக்குத் தேடி எடுத்த பட்டியல். பதிவு இருந்தால் படிவம் 15, இல்லையென்றால் படிவம் 16. இந்தப் பதினாறைத்தான் ‘நில்’ என்கிறோம்.

சான்றின் பெயர் ‘வில்லங்கம்’ என்றிருந்தாலும் அந்தப் பட்டியலில் கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எல்லாமே வரும். ஆகவே படிவம் 15 வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டியதில்லை. வீடு யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற வரலாறே அதுதான். பயப்பட வேண்டியது, இந்த ஊர்களைப் பொறுத்தவரை, நீண்ட காலத்துக்கு வரும் நில்லுக்குத்தான். காரணத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

ஒருவர் கொண்டுவிற்று, அதாவது கடல்கடந்து தொழில் செய்து, ஈட்டிய சொந்தப் பணத்தில் பள்ளத்தூரில் வீடு கட்டினார், 1962-இல் உயில் எழுதாமல் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். தாயார் முன்பே இல்லை. மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆறு பேருக்கும் சமபங்கு, ஆளுக்கு ஆறில் ஒன்று. 1975-இல் மனைவியான ஆச்சியும் இறந்துபோகிறார். அவர் பங்கு ஐந்து பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரிய, ஆளுக்கு ஐந்தில் ஒன்று ஆகிறது. 1988-இல் மூத்தவர் மனைவி, இரண்டு மகன், ஒரு மகளை விட்டு இறக்கிறார். நால்வருக்கும் தலைக்கு இருபதில் ஒன்று. 1999-இல் இளைய மகள் கணவரையும் மூன்று பிள்ளைகளையும் விட்டு இறக்கிறார். அங்கும் தலைக்கு இருபதில் ஒன்று. இன்று வீட்டுக்கு உரிமையாளர்கள் பதினோரு பேர். ஒருவர் பினாங்கில், இருவர் சென்னையில், ஒருவர் கோவையில் இருக்கலாம்.

1962 முதல் இன்றுவரை இந்த வீட்டுக்கு ஈசி போட்டால் என்ன வரும்? படிவம் 16. இறப்பால் வரும் உரிமைக்குப் பத்திரம் கிடையாது, பத்திரம் இல்லாததால் பதிவும் கிடையாது. நான்கு மரணங்களும் பதினோரு உரிமையாளர்களும் அந்தத் தாளில் ஒரு வரிகூட ஆகவில்லை. அந்த நில் சொல்லும் செய்தி, அறுபது வருடமாக இந்த வீட்டைப் பிரித்து எழுத யாரும் பதிவு அலுவலகப் படி ஏறவில்லை என்பதே.

வீடு தாத்தாவின் சம்பாத்தியமாக இல்லாமல் பூர்வீகமாக இருந்தால் கணக்கு இன்னும் கனக்கும். தமிழ்நாட்டில் 25.3.1989 முதல், அந்த நாளுக்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை வந்தது. 9.9.2005-இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அது பிறப்பால் வரும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் முடிவாகச் சொன்னது. 20.12.2004-க்கு முன் முறைப்படி பாகம் முடிந்திருந்தால் அது நிற்கும். ஆனால் “அப்பவே வாய்மொழியாப் பிரிச்சுக்கிட்டோம்” என்று சொல்வதை நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை. வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் இது மூத்தவருக்கு, இது இளையவருக்கு என்று பூட்டுப் போட்டுப் புழங்கி வந்தது பயன்பாட்டு ஏற்பாடு. அதை வைத்து முகப்பும் பட்டாலை என்ற முன்கூடமும் வளவும் பிரிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தப் பதினோரு பேரில் ஒருவர் மட்டும் முழு வீட்டையும் விற்றுப் பத்திரம் போட்டுக் கொடுத்தால்? பத்திரம் பதிவாகிவிடக் கூடும், அடுத்த முறை ஈசியில் அழகாக ஒரு கிரயமும் ஏறும். ஆனால் வாங்கியவருக்கு வந்தது விற்றவரின் பங்கு மட்டும்தான். சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வெளியார் வாங்கினால், அவருக்கு அந்த வீட்டில் சேர்ந்து குடியிருக்கும் உரிமை கிடையாது. பாகப்பிரிவினை வழக்குத்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் 1893-ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் காட்டி, குடும்பத்தில் ஒருவர் அந்தப் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே எடுத்துக்கொள்ளலாம். பர்மாத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்து ஆசைப்பட்டு ஒரு பங்காளியிடம் மட்டும் பணம் கொடுத்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவது அந்த மதிப்பீட்டுத் தொகை. பங்காளிகளில் சிறுவர் ஒருவர் இருந்து, நீதிமன்ற அனுமதி இல்லாமல் காப்பாளர் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தப் பிள்ளை பதினெட்டு வயதாகி மூன்று ஆண்டுக்குள் கிரயத்தையே எதிர்த்து வழக்குப் போடலாம்.

பங்கு தவிர, தாளில் ஏறாமல் நிற்பவை இன்னும் உண்டு. உயில் பதிவாகியே இருந்தாலும் 3-ஆம் புத்தகத்தில் இருப்பதால் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு தானாக வராது, ஜப்தி உத்தரவும் நீதிமன்றம் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால்தான் ஏறும். வழக்கின் நடுவில் வாங்கினால் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டும். வீட்டு வரி, மின்கட்டண பாக்கி வராது. இந்தப் பக்கத்துக்கே உரிய ஒன்று கோயில் கட்டளை. எந்தக் காலத்திலோ எழுதிய தரும ஏற்பாட்டில் ‘இன்ன சொத்தின் வருமானத்திலிருந்து இன்ன கோயிலுக்கு இன்ன பூஜை’ என்று பொறுப்பு வைத்திருந்தால் அது அச்சு அசலான என்கம்பரன்ஸ். தேடும் ஆண்டுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தால் கண்ணில் படாது. சொத்தே கோயிலுக்கோ தருமத்துக்கோ விடப்பட்டிருந்தால், அறநிலையத் துறைச் சட்டம் 34-ஆம் பிரிவின்படி ஆணையர் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. வீட்டில் படைப்பு, அதாவது பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு, நடக்கிறது என்பது சட்டப் பொறுப்பு அல்ல. ஆனாலும் பங்காளிகள் அத்தனை பேரும் எங்கே கூடுகிறார்கள் என்பதை அந்த நாள் காட்டிவிடும். வீடு பார்க்கப் போகிறவர் படைப்பு உண்டா, யார் யார் வருவார்கள் என்று கேட்பது பத்து ஈசிக்குச் சமம்.

ஒத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவர் வீட்டை அனுபவித்துக்கொள்ளும் இந்த முறையில், “நாப்பது வருஷமா நாங்கதான் இருக்கோம், வீடு எங்களுக்கே ஆயிருச்சு” என்று அடுத்த தலைமுறை நம்பிவிடுகிறது. அது தவறு. ஒத்தி எழுதிய நாளிலிருந்து முப்பது வருடம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் மீட்கும் உரிமை போய்விடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒத்திக்கு இருப்பவரிடமிருந்து கிரயம் வாங்கினால் கிடைப்பது ஒத்தி உரிமை மட்டுமே.

சரி, தேடுவதை எப்படித் தேடுவது? இணையத்தில் பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, தொடக்க நாள், முடிவு நாள் என்று நிரப்பினால் சான்று வந்துவிடுகிறது. நிரப்புவது எளிது. எதை நிரப்புகிறோம் என்பதில்தான் சிக்கல். இங்குள்ள பழைய வீடுகள் பல கிராம நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலத்தில், நிற்பவை. மூலப்பத்திரத்தில் சர்வே எண்ணே இல்லாமல் ‘கீழ்புறம் இன்னார் வீடு, வடபுறம் தெரு’ என்று நான்கெல்லையும் கோல் அளவும் மட்டும் இருக்கும். பிறகு நத்தம் சர்வே வந்து ஓர் எண், நகர சர்வே வந்து இன்னோர் எண். இன்றைய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் பழைய எண்ணில் பதிவான அடமானம் அகப்படாது, தாளில் நில் என்று வரும். ஆகவே முதலில் கையில் உள்ள ஒவ்வொரு பத்திரத்திலிருந்தும் சொத்து விவரத்தை அப்படியே ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, பழைய எண், புதிய எண், கதவு எண் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். அலுவலக எல்லை மாறியிருந்தால் முன்பு எந்த அலுவலகத்தில் அந்த ஊர் இருந்ததோ அங்கேயும் போட வேண்டும். இணையத்தில் கிடைக்காத பழைய ஆண்டுகளுக்கு அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் புத்தகத்தைக் கையால் தேடச் சொல்வதுதான் வழி. பதிமூன்று வருடம் போதும் என்பார்கள். பூர்வீக வீட்டுக்கு அது போதாது. வீடு கட்டியவர் மனை வாங்கிய பத்திரம் வரை பின்னால் போக வேண்டும்.

தாள் வந்தபின் கண் முதலில் போக வேண்டியது ‘முந்தைய ஆவண எண்’ என்ற கட்டத்துக்கு. 2009-இல் ஒரு கிரயம், அதில் முந்தைய ஆவணமாக 1971-இன் ஓர் எண் இருக்கிறது என்றால், அந்த 1971 பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் போட்டு வாங்க வேண்டும். இப்படி ஒன்றைப் பிடித்து ஒன்றாகப் பின்னால் போகும்போது, எங்கே எழுதிக்கொடுத்தவர் முந்தைய பத்திரத்தில் எழுதி வாங்கியவராக இல்லையோ அங்கே நிற்க வேண்டும். நடுவில் ஒரு சாவு இருக்கிறது, வாரிசுகள் இருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழ் கேட்க வேண்டிய இடம் அதுதான். அடுத்து ‘ஆவணக் குறிப்புகள்’. ‘பிரிபடாத பாகம்’, ‘ஆயுள்கால உரிமை’ போன்ற சொற்கள் அந்தச் சிறிய எழுத்தில்தான் ஒளிந்திருக்கும்.

அடமானப் பதிவு ஒன்று இருந்தால் அதற்கு ஜோடியாக ரசீது பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடனை அடைத்ததும் வங்கி பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துவிடும். அதோடு முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். பதிவான அடமானத்துக்கு ரத்து ரசீதும் பதிவானால்தான் தாளில் கணக்கு நேராகும். இருபது வருடம் கழித்து விற்கப் போகும்போது, கிளை இணைந்து, பெயர் மாறி, பழைய கோப்பு எங்கே என்று தெரியாமல் அந்த ஒரு ரசீதுக்காக மாதக்கணக்கில் அலைய நேரும். கடன் முடிந்த வாரமே கேட்டால் ஒரு நாள் வேலை.

வெளிநாட்டில் உள்ள பங்காளி கையெழுத்துக்கு வர முடியாவிட்டால், அங்குள்ள நோட்டரி அல்லது இந்தியத் தூதரகம் முன்னிலையில் அதிகாரப் பத்திரம் எழுதி அனுப்பலாம். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். உறை பிரிக்காமல் பெட்டியில் வைத்திருந்து நாள் கடத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

இன்னொரு நுணுக்கம் நாட்கணக்கில் இருக்கிறது. எழுதிக் கையெழுத்தான பத்திரத்தைப் பதிவுக்குத் தாக்கல் செய்யப் பதிவுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நான்கு மாதம் அவகாசம் தருகிறது. 47-ஆம் பிரிவின்படி பதிவான பத்திரம் பதிவு நாளிலிருந்து அல்ல, எழுதிய நாளிலிருந்தே செல்லும். ஆகவே மூன்று மாதம் முன்பு எழுதிய ஒரு கிரயம் இன்றைய ஈசியில் தெரியாமல் இருந்து, அடுத்த மாதம் பதிவாகி, உங்கள் பத்திரத்துக்கு முந்தியதாகிவிடலாம். பதிவு நாள் காலையிலும் ஒரு ஈசி போட வேண்டும். அசல் மூலப்பத்திரம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்கவும் கூடாது. வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்க்கவும் வேண்டும். ஏனென்றால் குடியிருப்பவரின் உரிமை உங்களுக்குத் தெரிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

கடைசியில் பத்திரத்தில் வரும் வாசகம். ‘மேற்படி சொத்தில் முன் வில்லங்கம் யாதொன்றும் இல்லையென்றும், பின்னிட்டு ஏதேனும் ஏற்பட்டால் என் சொந்தச் செலவில் முன்னின்று தீர்த்துக் கொடுக்கிறேனென்றும்’ என்று எழுதுவது வழக்கம். இது உறுதிமொழி, சான்று அல்ல. விற்றவர் கையில் பணம் இருக்கும்வரைதான் அதற்கு வலு. செட்டிநாட்டு வீட்டுக்கு இந்த வரியை அப்படியே விட்டுவிடாமல் ஆவண எழுத்தரிடம் கேட்டு விரித்து எழுதச் சொல்லலாம். கட்டியவரிலிருந்து தொடங்கி இறந்தவர் ஒவ்வொருவர் பெயரும் இறந்த நாளும், அவர் விட்டுச்சென்ற வாரிசுகளும், ஒவ்வொருவர் பங்கும் பின்னமாக எழுதப்பட்டு, கூட்டினால் ஒன்று வர வேண்டும். மேலே சொன்ன வீட்டில் மூன்று பேர் ஐந்தில் ஒன்று, எட்டுப் பேர் இருபதில் ஒன்று. பதினோரு கையெழுத்தில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பின்னம் எவ்வளவோ, அந்த அளவு வீடு இன்னும் வாங்கப்படவில்லை.